எத்தனை தலையணை என்று கேட்டேன்

என் கேள்வியே தப்பு என்ற யோசனை எனக்கு ஒரு சுவரைப் பார்த்தபோதுதான் வந்தது. தாராவியில் நைன்டி ஃபீட் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பி, மூன்று சந்து தாண்டி, நீல டிரம்களுக்கும் தையல் மெஷின் சத்தத்துக்கும் நடுவே ஒரு கோலி, அதாவது ஒற்றை அறை வீடு. பத்துக்குப் பத்து இருந்தால் அதிகம். உள்ளே ஏணி வைத்து ஏறுகிற பரண். இளம்பச்சை அடித்த சுவர். வாசலுக்கு நேர் எதிரே, தரையிலிருந்து இரண்டரை அடி உயரத்தில், அந்தச் சுவரில் ஒரு கறை. உள்ளங்கையை விடப் பெரிது. நடுவில் கறுப்பு, ஓரத்துக்குப் போகப் போகப் பழுப்பு, அதையும் தாண்டி மெல்லிய மஞ்சள். தேங்காயெண்ணெய்.

"அதப் பாக்காதியம்மா," என்றார் அந்த வீட்டு அம்மா. அலமாரியில் மருந்துப் பையைத் தேடிக்கொண்டிருந்தவர், நான் சுவரையே பார்ப்பதைக் கண்டு கூச்சப்பட்டுவிட்டார். "எத்தன தடவ சோப்புத் தண்ணி போட்டுத் தேச்சாச்சு. போவ மாட்டேங்கு. எங்க வீட்ல அவிய தல சாய்க்கிற எடம்லா."

"உக்காந்து டிவி பாப்பாரா இங்க?"

"டிவியா! ஒறங்குறதே அங்கனதான்."

பையைக் கீழே வைத்துவிட்டு, யூனிஃபார்மோடு, அந்தச் சுவரோரம் தரையில் உட்கார்ந்தேன். காலை நீட்டி முதுகைச் சாய்த்தேன். தலையைப் பின்னால் சாய்த்தபோது அது சரியாகக் கறையின் நடுவில் போய்ப் பொருந்தியது.

அந்தச் சுவருக்குச் சொந்தக்காரர் அந்த நேரம் செம்பூரில், எங்கள் தீவிர சிகிச்சைப் பிரிவில், மூக்கையும் வாயையும் மூடிய மாஸ்க்கோடு மூச்சுக்குப் போராடிக்கொண்டிருந்தார். அவருடைய காகிதத்தில் என் கையெழுத்தில் 'ஒன் பில்லோ' என்று இருந்தது.

தலையணை விஷயத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். இதயம் தளர்ந்தால் நுரையீரலில் நீர் தேங்கும். அப்படித் தேங்கியவரால் மல்லாந்து படுக்க முடியாது, மூச்சு முட்டும். தலையைத் தூக்கி வைத்தால் கொஞ்சம் ஆசுவாசம். அதனால் உலகம் முழுக்க நர்ஸ்கள் கேட்கிற ஒரு கேள்வி உண்டு: எத்தனை தலையணை வைத்துத் தூங்குகிறீர்கள்? ஒன்று என்றால் சரி. இரண்டு, மூன்று என்றால் ஜாக்கிரதை. போன வருஷம் ஒன்று, இப்போது மூன்று என்றால் இதயம் வெகுநாளாகவே திணறுகிறது என்று பொருள். படித்தபோது இந்தக் கேள்வி எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. மெஷின் இல்லாமல், ஊசி இல்லாமல், ஒரு எண்ணில் இதயத்தைத் தெரிந்துகொள்ளலாமே! பரீட்சையில் அதற்கு முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன்.

எங்கள் வீடு மாடுங்கா. அப்பா குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் ஆளுக்கு இரண்டு தலையணை. வருகிறவர்களுக்கென்று பீரோவின் மேல் பாலிதீனில் சுற்றி இன்னும் நாலு. தலையணையை எண்ணிச் சொல்ல முடியாத வீடு ஒன்று இருக்கும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. தோன்றியிருக்க வேண்டும். எங்கள் வீட்டிலிருந்து தாராவிக்கு நடந்தே போகலாம்.

எங்கள் பிரிவில் தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்திதான். மற்றவர்கள் கேரளம், மராத்தி, மணிப்பூர். தாராவியிலிருந்தோ கோவண்டியிலிருந்தோ ஒரு தமிழ் நோயாளி வந்துவிட்டால் போதும், "உன் ஆள் வந்தாச்சு" என்று என்னைக் கூப்பிடுவார்கள். நானும் ஓடுவேன். என் படுக்கையாக இல்லாவிட்டாலும் ஓடுவேன். எனக்கு எதற்கும் முந்திக்கொண்டு கையைத் தூக்கும் பழக்கம். பள்ளிக்கூடத்தில் வாங்கிய திட்டெல்லாம் அதற்காகத்தான்.

அவரும் அப்படி வந்தவர்தான். அறுபதை நெருங்கும் வயது. ஆயத்த ஆடைப் பட்டறையில் இஸ்திரி போடுகிறவர். நாள் முழுக்க நின்றபடி வேலை. கால் வீங்கியிருந்தது. நின்று நின்று வீங்கியது என்று அவரும் சொன்னார், வீட்டு அம்மாவும் சொன்னார். இரத்த அழுத்தம் எகிறி, மூச்சு வாங்கி, பட்டறையில் உட்கார்ந்துவிட்டவரைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். இரண்டு நாள் அழுத்த மாத்திரை போடாமல் விட்டிருந்தார். எக்கோ பார்த்தார்கள். இதயம் சுருங்கிப் பம்ப் செய்வதில் பெரிய குறையில்லை, விரிவதுதான் கடினமாக இருந்தது. இந்த மாதிரி விறைத்த இதயத்தில் படம் முழுக் கதையையும் சொல்லாது. மீதிக் கதையை நோயாளிதான் சொல்ல வேண்டும். அதைக் கேட்டு வாங்குவது எங்கள் வேலை.

நீர் இறக்கும் ஊசி போட்டோம். மணிக்கணக்கில் அளந்தோம். இரண்டாம் நாளே அவர் பேச ஆரம்பித்துவிட்டார். தலைப்பக்கம் தூக்கிய கட்டிலில் சாய்ந்துகொண்டு, "இம்புட்டு மெத்தையில நான் படுத்ததே இல்ல சிஸ்டரம்மா. இங்கனயே ஒரு வேல போட்டுக் குடுங்க, உங்க தொப்பிக்கெல்லாம் இஸ்திரி போட்டுத் தாரேன்," என்றார்.

"நாங்க தொப்பி போடறதே இல்லயே."

"அதான் யாருக்கும் பயமில்ல."

பக்கத்துப் படுக்கைக்காரருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் சிரித்தார்.

மூன்றாம் நாள் காலை வார்டுக்கு மாற்றலாமா என்ற பேச்சு வந்தது. மாற்றுவதற்கு முன் கேட்க வேண்டியதையெல்லாம் நான்தான் கேட்டேன். வேகமாகக் கேட்டேன், எனக்கு எதிலும் வேகம். அவரும் வேகமாகவே பதில் சொன்னார்.

"வீட்ல தூங்கறப்போ எத்தன தலகாணி வெச்சுப்பீங்க?"

"ஒண்ணுதாம்மா."

"ராத்திரி மூச்சு முட்டி எழுந்து உக்காந்துடறது உண்டா?"

"இல்லம்மா. அதெல்லாம் நல்லா ஒறங்குவேன்."

இரண்டும் உண்மை. இரண்டையும் அப்படியே எழுதினேன். பழைய தொந்தரவு ஏதுமில்லை, மாத்திரையை விட்டதால் திடீரென்று வந்தது என்று டாக்டர்கள் முடிவு செய்ய என் எழுத்தும் ஒரு காரணம். ஊசியை நிறுத்திச் சின்ன மாத்திரையாக மாற்றினார்கள். மதியம் அவர் வார்டுக்குப் போனார். போகும்போது என்னைப் பார்த்து ஒரு சலாம் வைத்தார்.

மறுநாள் பதினொரு மணிக்கு அவர் திரும்பி வந்தார்.

வார்டில் அவர் ராத்திரி முழுக்கக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்திருக்கிறார். தூக்கம் வராத ஆள் என்று விட்டிருக்கிறார்கள். காலையில் விரிப்பு மாற்றிய நர்ஸ் காகிதத்தைப் பார்த்திருக்கிறாள். 'ஒன் பில்லோ.' தலைப்பக்கத்தைச் சமமாக இறக்கி, ஒரு தலையணை வைத்து, படுத்து ஓய்வெடுங்கள் என்று சொல்லியிருக்கிறாள். அவர் சொன்னதைக் கேட்கிற மனிதர். படுத்துவிட்டார். முடியவில்லை என்று சொல்ல அவருக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடித்திருக்கிறது.

டிராலியில் அவர் உட்கார்ந்து வந்தார். இரண்டு கையாலும் பக்கக் கம்பியைப் பிடித்து, முன்னால் குனிந்து, ஒவ்வொரு மூச்சுக்கும் தோளைத் தூக்கிக்கொண்டு. உதட்டோரம் இளஞ்சிவப்பு நுரை. நெற்றி குளிர்ந்து வியர்த்திருந்தது. அந்த நிலையில் ஒருவரைப் பார்த்தால் கைகள் தாமாக வேலை செய்யும், அப்படித்தான் எங்களைப் பழக்கியிருக்கிறார்கள். காலைத் தொங்கவிட்டு நிமிர்த்தி உட்கார வைத்தேன். மாஸ்க்கைப் பொருத்தினேன். ஒருத்தி ஊசி ஏற்றினாள், ஒருத்தி சொட்டு மருந்தைத் தொடங்கினாள். மாஸ்க் காற்றை அழுத்தித் தள்ளும். முதல் சில நிமிஷம் மூழ்குவது போலவே இருக்கும், பிய்த்து எறிவார்கள். அவர் கையை நான் பிடித்துக்கொண்டேன்.

"இந்தக் காத்தோட சண்ட போடாதீங்க. அது தள்ளறப்போ நீங்க இழுங்க. என்னப் பாருங்க. இழுங்க. விடுங்க."

அவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் என் மேல் குறையே இல்லை. அதை இன்னும் நினைத்துக்கொள்கிறேன்.

ஒரு மணி நேரத்தில் ஆக்ஸிஜன் ஏறியது. ஆனால் இரத்த அழுத்தம் இப்போது இறங்க ஆரம்பித்தது. லேசான காய்ச்சலும் இருந்தது. எக்ஸ்ரேயில் இரண்டு பக்கமும் வெண்மை. இளம் டாக்டருக்குச் சந்தேகம் வந்துவிட்டது: இது நீரா, நிமோனியாவா? நிமோனியா என்றால் அழுத்தம் இறங்குவதற்கு சலைன் ஏற்ற வேண்டும். நீர் என்றால் சலைன் ஏற்றுவது கிணற்றில் விழுந்தவர் மேல் தண்ணீர் ஊற்றுவது மாதிரி. நேற்று வரை நன்றாக இருந்தவர், இதயத்தில் பழைய தொந்தரவு இல்லாதவர், ஒரு தலையணை ஆள் என்று காகிதம் சொன்னது. காகிதம் நிமோனியா பக்கம் சாய்ந்தது. வீட்டில் வேறு ஏதாவது மாத்திரை சாப்பிட்டாரா, அதைக் கொண்டுவரச் சொல்லுங்கள் என்றார் டாக்டர்.

வெளியே பெஞ்சில் வீட்டு அம்மா உட்கார்ந்திருந்தார். சந்து டாக்டர் கொடுத்தது ஒரு பை நிறைய இருக்கிறது, எது எது என்று தனக்குத் தெரியாது, மகன் சான்பாடாவில் வேலையில் இருக்கிறான், போனை எடுக்கவில்லை என்றார். எனக்கு ஷிஃப்ட் முடிகிற நேரம். நான் கையைத் தூக்கினேன்.

"நான் போய்ப் பாத்து ஃபோட்டோ எடுத்து அனுப்பறேன்."

எங்கள் பிரிவுப் பொறுப்பு சிஸ்டர் மலையாளி, முப்பது வருஷமாக இந்த வேலையில் இருப்பவர். கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "நோயாளி வீட்டுக்கெல்லாம் நம்ம போறதில்ல மோளே," என்றார். பிறகு, "டாக்ஸில போ," என்றார்.

அப்படித்தான் வீட்டு அம்மாவையும் டாக்ஸியில் ஏற்றிக்கொண்டு அந்தச் சுவருக்கு முன்னால் போய் நின்றேன்.

கறையில் தலையைச் சாய்த்தபடியே கேட்டேன். "எத்தன நாளா இங்க உக்காந்து தூங்கறார்?"

அம்மா கணக்குப் போட்டார். அவர் கணக்குக்கு மாதங்கள் கிடையாது, பிள்ளைப்பேறுதான் உண்டு. "மவ சீத்தா கேம்ப்லேருந்து பேறுக்கு வந்தால்லா, அப்பலேருந்து. மேல பரண்ல மவனும் மருமவளும். கீழ நானும் மவளும். வயித்துப் பிள்ளக்காரி காலு கையி நீட்ட வேண்டாமா? அவியளே சொன்னாவ, நான் செவத்துல சாஞ்சுக்கிடுதேன், நீங்க படுங்கன்னு. நம்ம சந்துல எல்லாரும் சொல்லுவாவ, தகப்பன்னா இப்படிலா இருக்கணும்னு."

"அந்தக் கொழந்தைக்கு இப்ப என்ன வயசு?"

"நடக்கான். போன வாரம் இங்கன வந்து டிவிய இழுத்துப் போட்டுட்டான்."

"பொண்ணு எப்பவோ போயாச்சு. இடம் காலிதானே? இன்னும் ஏன் உக்காந்துண்டே தூங்கறார்?"

அம்மா என்னைப் பார்த்தார். பிறகு கறையைப் பார்த்தார். "பழகிப் போச்சுன்னு சொன்னாவ," என்றார். சொல்லும்போதே அவர் குரல் இறங்கியது. ஏதோ தப்பாகப் போயிருக்கிறது என்று அந்த நொடிதான் அவருக்கும் பட்டிருக்க வேண்டும்.

"தலகாணி வெச்சுக்குவாரா?"

"நடுவுல ஒண்ணு வச்சுக்கிடுவாவ. முதுவு வலிக்கும்லா."

ஒன்றுதான். அவர் பொய் சொல்லவில்லை. நல்லா ஒறங்குவேன் என்றதும் பொய்யில்லை. உட்கார்ந்திருந்த வரைக்கும் மூச்சு முட்டவில்லை.

கோலிக்குள் சிக்னல் இல்லை. சந்துக்கு ஓடிவந்து, ஒரு பங்கார் கடை வாசலில், பழைய இரும்புக் குவியலுக்கும் மேடைத் தராசுக்கும் நடுவே நின்று போன் செய்தேன். சிஸ்டர் எடுத்தார். நான் மூச்சு விடாமல் சுவர், எண்ணெய், மகள், பேறு, குழந்தை நடக்கிறது என்று கொட்டினேன்.

"மெல்லப் பறை மோளே. யாரோட கொழந்தை நடக்குது?"

திரும்பச் சொன்னேன். இந்த முறை நர்ஸ் மாதிரி சொன்னேன். ஒரு வருஷத்துக்கு மேலாகப் படுத்துத் தூங்கவில்லை. உட்கார்ந்துதான் தூங்குகிறார். கால் வீக்கமும் அதனால்தான் இருக்கும். என் குறிப்பு தப்பு. சலைன் போட்டாச்சா?

"பாட்டில் தூக்கியாச்சு. இன்னும் திறக்கல்ல. பிடி," என்றார். போனுக்குள் அவர் செருப்புச் சத்தம் கேட்டது. டாக்டரோடு இந்தியில் பேசுவது கேட்டது. பங்கார் கடைக்காரர் என் யூனிஃபார்மைப் பார்த்து ஒரு ஸ்டூலைத் தள்ளி வைத்தார். நான் உட்காரவில்லை.

சிஸ்டர் திரும்ப வந்தார். டாக்டர் மறுபடி ஸ்கேன் வைத்துப் பார்க்கிறார், சலைன் பாட்டிலை இறக்கியாயிற்று என்றார். நான் அழ ஆரம்பித்துவிட்டேன்.

"அழறது அப்புறம். திரும்பி வந்து முதல்ல அந்த ஷீட்டத் திருத்து. உன் கையாலயே திருத்தணும். கேட்டியா?"

மாத்திரைகளை ஃபோட்டோ எடுத்து அனுப்பினேன். அதில் பெரிதாக ஒன்றும் இருக்கவில்லை. வலி மாத்திரை, வாயு மாத்திரை, பாதி காலியான அழுத்த மாத்திரை அட்டை. போன காரியத்தில் கிடைத்தது அவ்வளவுதான்.

திரும்பிப் போய்த் திருத்தினேன். தப்பான வரியை அடித்துக் கறுப்பாக்கக்கூடாது, படிக்கிற மாதிரி ஒரே கோடு போட்டு, பக்கத்தில் சரியானதை எழுதி, நேரமும் கையெழுத்தும் போட வேண்டும் என்பது விதி. அந்த ஒற்றைக் கோட்டுக்குக் கீழே 'ஒன் பில்லோ' இன்னும் தெளிவாகத் தெரிந்தது. டாக்டர் என்னைத் திட்டவில்லை. இந்தக் கேள்வியைத் தானும் கேட்டதாகவும், தனக்கும் ஒன்று என்றே பதில் வந்ததாகவும் சொன்னார். அதனால் எனக்கு எந்த ஆறுதலும் ஏற்படவில்லை. அவருக்குத் தமிழ் தெரியாது. எனக்குத் தெரியும். தெரியும் என்றுதான் என்னைக் கூப்பிட்டார்கள்.

அன்று வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம் சொன்னேன். அம்மாவுக்கு முதலில் பட்டது வேறு. "நோக்கு எதுக்குடி அந்தச் சந்துக்குள்ளெல்லாம் தனியாப் போகணும்? ஒரு ஃபோன் பண்ணிருக்கப்படாதோ?" என்றாள். பிறகு நான் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, "அவர் பிழைச்சுப்பாரோன்னோ?" என்று மட்டும் கேட்டாள். தெரியாது என்றேன். நான் படுக்கையில் இரண்டு தலையணையையும் எடுத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து தூங்கிப் பார்த்தேன். அரை மணிக்கு மேல் முடியவில்லை. கழுத்து போய்விட்டது.

அவர் மாஸ்க்கிலேயே மூன்று நாள் இருந்தார். குழாய் போட வேண்டி வருமோ என்று ஒவ்வொரு ஷிஃப்டும் பயந்தபடியே ஓடியது. நீர் இறங்க இறங்க எடை இறங்கியது, கால் வற்றியது, கணுக்காலில் எலும்பு தெரிய ஆரம்பித்தது. அந்த எலும்பை வீட்டு அம்மா தொட்டுத் தொட்டுப் பார்த்தார். "இது இவியளுக்கு இருந்ததையே மறந்து போனேன்," என்றார்.

நாலாம் நாள் மாஸ்க்கை எடுத்துவிட்டு மூக்கில் சின்னக் குழாய் மட்டும் வைத்திருந்தோம். நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். இந்த முறை வேகமாகக் கேட்கவில்லை.

"உக்காந்துதான் தூங்கறேன்னு ஏன் சொல்லல?"

"நீங்க தலகாணிலாம்மா கேட்டிய," என்றார். குற்றமாகச் சொல்லவில்லை, கேட்டதற்குப் பதில் சொன்னார். "செவத்தக் கேக்கலயே. எடமில்லாதவன் செவத்துல சாயுதான், அது சீக்காம்மா? எங்க சந்துல பாதி ஆம்பள அப்படித்தான்."

"பொண்ணு போன அப்புறம்?"

அவர் வாசல் பக்கம் பார்த்தார். வீட்டு அம்மா மருந்து வாங்கக் கீழே போயிருந்தார்.

"போனப்பெறவு ஒரு நா படுத்துப் பாத்தேன். நெஞ்சுல ஒரு ஆளு ஏறி ஒக்காந்த மாதிரி இருந்துச்சு. எந்திரிச்சு ஒக்காந்தேன், எறங்கிட்டான். இன்னொரு நா பாத்தேன். அதேதான். பெறவு படுக்கவே இல்ல." கொஞ்ச நேரம் மூச்சை வாங்கிக்கொண்டார். "அவகிட்ட சொன்னா அழுவா. மவன்கிட்ட சொன்னா வேலய விட்டுட்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா அலைவான். எனக்கு ஒரு செவரு போதும்னு விட்டுட்டேன். பிள்ளைக்காக ஒக்காந்தேன்னு எல்லாரும் நெனச்சிட்டு இருந்தாவ. நல்லதாப் போச்சு."

அப்போதுதான் எனக்கு முழுதாகப் புரிந்தது. எல்லாரும் மெச்சிய அந்த நல்ல காரியத்துக்குப் பின்னால் ஒரு நோய் ஒரு வருஷம் ஒளிந்துகொண்டிருந்தது. சந்து ஜனங்கள் அவரைப் பாராட்டப் பாராட்ட அது இன்னும் பத்திரமாக ஒளிந்துகொண்டது. இவரை எந்தக் கேள்வி கேட்டிருந்தால் பிடித்திருக்கலாம்? நான் யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

என்னிடம் இப்போது ஒரு கேள்வி இருக்கிறது. எத்தனை என்று கேட்பதை விட்டுவிட்டேன். "நேத்து தூங்கினது எங்க? எப்படி? எனக்குச் செஞ்சு காட்டுங்க," என்கிறேன். செய்து காட்டச் சொல்வதுதான் முக்கியம். போன வாரம் கோவண்டியிலிருந்து வந்த ஒரு அம்மாள் வாயால் 'சாதாரணமாத்தான்' என்றார். காட்டச் சொன்னபோது, சாப்பாட்டு டேபிளை முன்னால் இழுத்து, கையை மடித்து, அதில் கன்னத்தை வைத்தார். வீட்டில் அது தையல் மெஷின் பலகையாம். நான் எழுதிக்கொண்டேன். ஃபாரத்தில் அதற்கு இடமில்லை. ஃபாரத்தை மாற்றக் கமிட்டி இருக்கிறது, கமிட்டிக்கு மீட்டிங் இருக்கிறது, மீட்டிங்குக்குத் தேதி இல்லை. சிஸ்டர் சொன்னார்: "ஓரத்துல எழுது. ஓரம் யாரோடதும் அல்ல."

அவரை நேற்று வீட்டுக்கு அனுப்பினார்கள். இதயம் குணமாகிவிடவில்லை. இனி அது இப்படித்தான் இருக்கும், நாம்தான் அதற்கு ஏற்றபடி நடந்துகொள்ள வேண்டும் என்று டாக்டர் சொன்னதைத் தமிழில் நான் சொன்னேன். உப்பு, தண்ணீர் அளவு, விடக்கூடாத மாத்திரைகள். தினமும் காலையில் எடை பார்க்க வேண்டும், இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ கூடினால் மறுபடி நீர் சேர்கிறது என்று அர்த்தம், உடனே வர வேண்டும் என்றேன்.

"எடைக்கு எங்கம்மா போக?" என்று கேட்டார் வீட்டு அம்மா.

எனக்குப் பங்கார் கடைக்காரரின் ஸ்டூல் ஞாபகம் வந்தது. "உங்க சந்து முனை பங்கார் கடைல தராசு இருக்கே, மேடை மாதிரி. அதுல ஏறி நிக்கலாமே."

அவர் படுக்கையிலிருந்து சிரித்தார். கொஞ்சம் இருமலோடு. "வெல சொல்லிருவாம்மா அவன். பழைய இரும்புன்னு போட்டுக்கிடுவான்."

"போடட்டும்," என்றார் அம்மா. "இரும்பா இருந்தா இம்புட்டு நாளு செவத்துல சாஞ்சிருப்பியளா?" சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவர் சொல்லாமல் வைத்திருந்ததை இந்த அம்மா கண்டுபிடித்துவிட்டார் என்று எனக்குத் தெரிந்தது. எப்போது, எப்படி என்று நான் கேட்கவில்லை.

இன்னும் ஒரு பயம் எனக்கு மிச்சமிருக்கிறது. இவர் மறுபடியும் சொல்ல மாட்டார். நல்லவர்கள் சொல்ல மாட்டார்கள். மூச்சு முட்ட ஆரம்பித்தால் சத்தமில்லாமல் எழுந்து, அந்தச் சுவரில் போய்ச் சாய்ந்துகொள்வார். வீட்டு அம்மா பகலெல்லாம் வேலை செய்த அலுப்பில் தூங்கிக்கொண்டிருப்பார். காலையில் கேட்டால், நல்லா ஒறங்கினேன் என்பார்.

அதனால் இன்று மாலை மாடுங்கா ஸ்டேஷன் எதிரே இருக்கிற ஸ்டேஷனரி கடையில் நாலு வெள்ளை சார்ட் தாள் வாங்கினேன். கடைக்காரர், "ஸ்கூல் புராஜெக்டா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். நாளை ஞாயிறு, எனக்கு விடுமுறை. அம்மாவுக்குச் சொல்லிவிட்டேன், முகத்தைத் திருப்பிக்கொண்டாள், ஆனால் பீரோ மேலிருந்த பாலிதீன் தலையணையில் இரண்டை இறக்கித் தூசி தட்டிக் கதவோரம் வைத்திருக்கிறாள்.

போய், அந்த எண்ணெய்க் கறையின் மேல் ஒரு தாளை நாலு மூலையிலும் டேப் போட்டு ஒட்டப் போகிறேன். அந்த வீட்டு அம்மாவிடம் சொல்லப் போவது இவ்வளவுதான்: தினமும் காலையில் பல் தேய்க்கும் முன் அதைப் பாருங்கள். வெள்ளையாகவே இருந்தால் தராசு மட்டும் போதும். எண்ணெய் பட்டிருந்தால், விரல் அகலம் பட்டிருந்தாலும், அவரிடம் கேட்கவே வேண்டாம். எனக்கு ஃபோன் செய்யுங்கள், செம்பூருக்குக் கிளம்புங்கள். இது எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லை, பலிக்குமா என்று தெரியாது. அவர் துண்டைத் தலைக்குச் சுற்றிக்கொண்டு என்னை ஏமாற்றிவிடவும் கூடும், அவ்வளவு சாமர்த்தியம் உண்டு. அந்தத் தந்திரம் எனக்குத் தெரியும் என்று முன்கூட்டியே அவரிடம் சொல்லிவிடத்தான் போகிறேன். தாள்கள் சுருட்டி, ரப்பர் பேண்ட் போட்டு, தலையணைகளுக்குப் பக்கத்தில் நிற்கின்றன.